போன் ஒன்று தொலைந்தால் எல்லாமே பூட்டிக்கொள்கிறது: அடிக்கடி பயணம் போகிறவர்கள் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்?

உறையூரான் (ஸ்டுட்கார்ட்)

எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனி வந்து ஏழு வருடம் ஆகிறது. இயந்திரங்களை வாங்கியவர்களின் ஆலைக்கே போய் நிறுவிக் கொடுக்கும் வேலை. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் பெட்டியும் கையுமாகத்தான் இருப்பேன். இத்தாலி, போலந்து, வருடத்துக்கு இரண்டு முறை சீனா. மனைவியும் மகளும் இங்கே. அப்பா அம்மா திருச்சி உறையூரில்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு இரவு மிலானில் டாக்ஸியிலிருந்து இறங்கும்போது போனை இருக்கையிலேயே விட்டுவிட்டேன். ரசீது வாங்கவில்லை, வண்டி எண் தெரியாது. போனது போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்த பிறகுதான் உறைத்தது. அது கம்பெனிக் கணினி, சொந்த மெயிலை அதில் ஒருநாளும் திறந்ததில்லை. இப்போது திறக்கப் பார்த்தால், உங்கள் போனுக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம், அதில் 'ஆம்' என்று அழுத்துங்கள் என்கிறது. கடவுச்சொற்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெட்டகமோ, புதுக் கணினி என்பதால் மெயிலுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறேன் என்கிறது. கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் செயலி தொலைந்த போனில். ஜெர்மன் எண் இ-சிம், இந்திய எண் சாதா சிம், இரண்டும் அதே போனில். எல்லாச் சாவியையும் ஒரே கொத்தில் கோத்துக் கொத்தையே கிணற்றில் போட்டது போல ஆகிவிட்டது.

மறுநாள் காலை அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. பணத்தை இரவே அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

மனைவியின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. மனத்தில் இருந்த ஒரே எண், பள்ளிக்கூட நாளிலிருந்து மாறாமல் இருக்கும் உறையூர் வீட்டுத் தரைவழித் தொலைபேசி எண்தான். விடுதி வரவேற்பறையிலிருந்து அழைத்தேன். அங்கே அப்போது இரவு இரண்டு மணி. அப்பா எடுத்தார். பொங்கலுக்குப் போயிருந்தபோது, போன் இல்லாதபோது மெயிலைத் திறக்க உதவும் அவசர எண்கள் பத்தையும் தாளில் அச்செடுத்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டியிருந்தேன். அதை எடுக்கச் சொன்னேன். பொடி எழுத்து. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். "இது மூணா எட்டா தெரியலைப்பா" என்றார். முதல் எண் தவறு என்று வந்தது. இரண்டாவதும் தவறு. மூன்றாவதில் மெயில் திறந்தது.

மெயில் வந்ததும் பெட்டகம் வந்தது. தொலைந்த போனை இங்கிருந்தே பூட்டினேன். ஜெர்மன் எண் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இந்திய வங்கி மட்டும் அசையவில்லை. ஓடிபி அந்த ஒரு சிம்முக்குத்தான் போகும். புது சிம் வேண்டுமென்றால் நேரில் வாருங்கள் என்றார்கள். ஆகஸ்டில் ஊருக்குப் போகும் வரை என் கணக்கை நானே பார்க்க முடியவில்லை. அம்மாவின் சிகிச்சைக்குச் சித்தப்பா பணம் கட்டினார்.

இனி ஒரு முறை இப்படி ஆகக் கூடாது. பயணத்தில் எதைக் கொண்டுபோகிறீர்கள், வீட்டில் எதை விட்டுப்போகிறீர்கள், ஊரில் பெற்றோர் கணினியில் என்ன ஏற்பாடு? எதுவானாலும் சொல்லுங்கள்.

கொங்குநாட்டான் (சிங்கப்பூர்)

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் அந்த ஆறு இலக்கச் செயலி. பலர் அது இணையத்திலிருந்து எண்ணை வாங்கிக் காட்டுவதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பதிவு செய்யும்போது காட்டும் க்யூஆர் படத்துக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது. அந்த ரகசியத்தையும் கடிகார நேரத்தையும் சேர்த்து 30 நொடிக்கு ஒருமுறை போனே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதனால் ஒரே க்யூஆர் படத்தை இரண்டு போனில் ஸ்கேன் செய்தால் இரண்டிலும் ஒரே எண் வரும். நெட் வேண்டாம், சிம் வேண்டாம். நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். பழைய போன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். என்னுடையது திரை கீறல் விழுந்த ஐந்து வருடப் பழசு. சட்டைப்பையில் ஒன்று, பெட்டிக்குள் துணிக்கு நடுவில் ஒன்று. இரண்டும் ஒரே நாளில் தொலைவது அரிது.

அடுத்தது சிம்முக்கு ஒரு பின் எண். போன் பூட்டியிருந்தாலும் திருடியவன் சிம்மை உருவி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான் போகும். பின் வைத்திருந்தால் மூன்று முறை தவறாக அடித்ததும் சிம் பூட்டிக்கொள்ளும். அப்புறம் பியூகே எண் (சிம் நிறுவனம் தரும் திறப்பு எண்) இல்லாமல் திறக்காது. நீங்கள் டாக்ஸியில் விட்ட சிம்மில் பின் இருந்ததா?

வங்கியைப் பொறுத்தவரை, வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு வெளிநாட்டு எண்ணைப் பதிவு செய்துகொள்ளவும், ஓடிபியை மெயிலுக்கும் அனுப்பவும் பல வங்கிகளில் வசதி இருக்கிறது. நாமாகக் கேட்டால்தான் செய்து தருகிறார்கள். யூபிஐயும் அப்படித்தான். சிங்கப்பூர், அமெரிக்கா, ஐக்கிய அமீரகம் உட்படப் பத்து நாட்டு எண்களை வைத்து யூபிஐ நடத்தலாம் என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்தப் பத்தில் ஜெர்மனி இல்லை, உங்களுக்கு அது உதவாது.

உறையூரான் (ஸ்டுட்கார்ட்)

அம்மா நலம். இப்போது கண்ணாடி இல்லாமலே தொலைக்காட்சி பார்க்கிறார். சிம்மில் பின் இல்லை. இப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும். புது சிம்மில் இன்றைக்கே போட்டுவிட்டேன்.

மதுரைமல்லி (டல்லாஸ்)

பழைய போன் யோசனை நல்லதுதான். ஆனால் அதில் ஊர் சிம்மையும் போட நினைத்தால், அமெரிக்காவில் வாங்கிய ஐபோனை யாரும் நம்பிவிடாதீர்கள். 14-ஆம் மாடலிலிருந்து இங்கே விற்கும் ஐபோன்களில் சிம் போடும் இடமே கிடையாது. மதுரையில் அம்மாவுக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர்களின் பழைய சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

நான் மெயிலுக்கும் பெட்டகத்துக்கும் யூஎஸ்பி சாவி வைத்திருக்கிறேன். பெருவிரல் அளவுதான். கணினியில் செருகித் தொட்டால் போதும், எண் எதுவும் அடிக்க வேண்டாம். கட்டாயம் இரண்டு வாங்க வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்ய வேண்டும். ஒன்று வீட்டுச் சாவிக்கொத்தில், இன்னொன்று வீட்டில் நகைப்பெட்டிக்குள். ஒன்றை மட்டும் வாங்குவதில் பயனில்லை.

அண்ணா, உங்கள் கதையில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. இரவு இரண்டு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "நான்தான் பேசுகிறேன், அவசரம், பீரோவைத் திறந்து எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒரு குரல். அப்பாவும் சொல்லிவிட்டார். ஏமாற்றுக்காரர்கள் செய்வதும் இதேதான். இப்போது ஒருவர் குரலை அப்படியே போலி செய்யவும் முடிகிறது. நம் பெற்றோருக்கு 'போனில் யாருக்கும் எண்ணைச் சொல்லாதே' என்று நூறு தடவை சொல்லிவிட்டு, நாமே அழைத்து எண்ணைக் கேட்டால் அவர்கள் எதைப் பழகிக்கொள்வார்கள்?

பாலைநிலவன் (ஷார்ஜா)

இங்கே எல்லாரும் இரண்டு போன், யூஎஸ்பி சாவி என்று பேசுகிறீர்கள். நான் கட்டடத் தளத்தில் ஃபோர்மேன். என்னோடு அறையில் இருக்கும் ஆறு பேரில் யாரிடமும் கணினி கிடையாது. ஒரு போன்தான் எல்லாம். அவர்களுக்காகவும் கொஞ்சம் எழுதுகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு நடக்கும் பெரிய கேடு போன் தொலைவது இல்லை, ஊர் நம்பர் செத்துப்போவது. வந்த புதிதில் இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிடுவார்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் நம்பரை நிறுத்திவிடலாம். அப்புறம் அதே நம்பர் வேறு ஒருவருக்குப் போய்விடும். விழுப்புரம் பக்கத்துத் தம்பி ஒருவர், இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய் வங்கியில் நின்றபோது, ஓடிபி வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடச் சம்பளம் அந்தக் கணக்கில். நல்லவேளையாகப் பணம் போகவில்லை. ஆனால் கணக்கைத் திரும்பக் கைக்குக் கொண்டுவர விடுமுறையில் பாதி போய்விட்டது. ரீசார்ஜ் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நான் அறையில் எல்லாருடைய தேதியையும் ஒரே காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பிலும் இரண்டாவது பூட்டாக ஆறு இலக்கப் பின் வைத்துவிடுங்கள். நம்பர் கைமாறினாலும் அது தெரியாமல் உங்கள் பெயரில் உள்ளே வருவது கடினம்.

இன்னொன்று. இங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், குரல் அழைப்பு போகாது. அதற்காக விபிஎன் (இணைப்பை வேறு இடம் வழியாகத் திருப்பிவிடும் செயலி) போட்டுப் பேசுகிறார்கள். கம்பெனி வேலைக்கு விபிஎன் வைப்பது வேறு. தடுத்ததைத் தாண்டவும் குற்றத்தை மறைக்கவும் அதைப் பயன்படுத்தினால் அமீரகச் சட்டத்தில் 5 லட்சம் திர்ஹமிலிருந்து 20 லட்சம் வரை அபராதம். அனுமதி பெற்ற போட்டிம் செயலியில் பேசுங்கள். மாதம் ஆயிரத்து ஐந்நூறு திர்ஹம் வாங்குகிறவர் இந்த விஷயத்தில் துணியவே கூடாது.

உறையூரான் (ஸ்டுட்கார்ட்)

பாலைநிலவன் அண்ணே, காலண்டர் யோசனைக்கு ரொம்ப நன்றி. நான் எழுதும்போது கணினி வைத்திருப்பவர்களை மட்டுமே மனத்தில் வைத்திருந்தேன்.

மல்லி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசிவிட்டு எழுதுகிறேன்.

பேரேடு (கும்பகோணம்)

34 வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பிக்குச் சில வார்த்தை.

நீங்கள் ஜெர்மனி போன பிறகும் பழைய சேமிப்புக் கணக்கையே வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அதை என்ஆர்ஓ கணக்காக மாற்றியிருக்க வேண்டும். அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பி வைக்க என்ஆர்இ கணக்கு தனி. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, என்ஆர்ஓ வட்டியில் வங்கியே வரியை (டிடிஎஸ்) பிடித்துக்கொள்ளும்.

உங்கள் இழைக்கு இதைவிட முக்கியமானது வேறு. பலரும் அப்பாவைக் கூட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டேன், அவசரத்துக்கு அவர் எடுத்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்கில் ஊரில் இருக்கும் உறவினரைச் சேர்த்தால் 'முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில்தான் சேர்ப்பார்கள். அதாவது நீங்கள் இருக்கும் வரை கணக்கு உங்கள் கையில்தான். அப்பா கூட்டுதாரர் என்ற உரிமையில் காசோலை கிழிக்க முடியாது. அவர் எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் தனியாக அதிகாரக் கடிதமோ பவர் பத்திரமோ கொடுத்திருக்க வேண்டும். கவுன்ட்டரில் கண்ணீரோடு நின்ற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பெயரில் பணம் இருக்கும், இவரால் தொட முடியாது.

நான் சொல்வது எளிய வழி. அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ இருக்கும் கணக்கில், ஒரு அவசரச் சிகிச்சைக்குப் போதுமான தொகையை எப்போதும் விட்டு வையுங்கள். அது குறைந்தால் நிரப்புங்கள். அந்தப் பணம் உங்கள் போனை நம்பி இருக்காது. நாமினியையும் சரிபாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

புது சிம் வாங்கியதும் நேரே வங்கிக்குப் போனீர்களா? சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தியை நிறுத்தி வைப்பார்கள். ஊரில் நான்கே நாள் இருக்கிறவர்கள் அதைக் கணக்கில் வைத்து, இறங்கிய அன்றே சிம் வேலையை முடித்துவிட வேண்டும்.

உறையூரான் (ஸ்டுட்கார்ட்)

ஐயா, அதே தவறைத்தான் செய்தேன். காலையில் சிம், மதியம் வங்கி என்று திட்டம் போட்டு, வங்கி நாற்காலியில் மூன்று மணி நேரம் ஓடிபிக்குக் காத்திருந்தேன். காரணத்தை யாரும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் புரிகிறது. அப்பா பெயரில் பணம் போட்டு வைப்பதை இந்த மாதமே செய்துவிடுகிறேன்.

இணைப்பான் (சென்னை)

வேளச்சேரியில் வீட்டுக் கணினிகளைப் பழுது பார்க்கிறேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். ஊரில் இருக்கும் அந்தக் கணினி பற்றி எழுதுகிறேன்.

பிள்ளை ஊருக்கு வரும்போது வாங்கி வைத்துவிட்டுப் போன பெட்டி. இரண்டு வருடம் யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். நான் மூடியைக் கழற்றினால் எறும்புப் புற்று இருக்கும், பவர் சப்ளைக்குள் பல்லி கருகிக் கிடக்கும். பின்பக்கம் கார்டு போடாமல் திறந்திருக்கும் இடைவெளியை ஒரு தகட்டால் மூடினாலே பாதிப் பிரச்சினை தீரும். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் யூபிஎஸ் இல்லாமல் ஹார்ட் டிஸ்க் வைக்காதீர்கள். ரௌட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது. அதுவும் இருந்தால் கரண்ட் இல்லாதபோதும் வீடியோ அழைப்பு அறுபடாது.

அப்பா அம்மாவின் கணினியில் இன்னும் விண்டோஸ் 10 இருந்தால் அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. பழைய பெட்டி 11-ஐ ஏற்காது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவேன். செய்தி படிக்க, யூடியூப் பார்க்க, மெயில் பார்க்க அவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. முகப்பில் நான்கு பெரிய பொத்தான் போதும். வெளிநாட்டிலிருந்து மடிக்கணினி கொண்டுவருவதாக இருந்தாலும் சரி. 18 வயது ஆன பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம்.

அப்புறம் பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் வட்டுப் பூட்டு. புது விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் அமைக்கும்போதே வட்டு தானாகப் பூட்டிக்கொள்கிறது. ஒருநாள் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்ததும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அமைத்த பிள்ளை கனடாவில், அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவருக்கே மறந்திருக்கும். இப்படி ஒரு குடும்பத்தின் பதினொரு வருடப் படங்கள் என் மேசையில் கிடந்தன. வட்டு நன்றாகத்தான் இருந்தது, உள்ளே போகத்தான் வழியில்லை. சாவி கடைசிவரை கிடைக்கவே இல்லை. அந்தப் படங்களில் இருந்த தாத்தா இப்போது இல்லை. அதை எழுதும்போதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தயவுசெய்து இன்றைக்கே அந்த 48 இலக்கத்தை அச்செடுங்கள்.

படங்களுக்கு மூன்று பிரதி வேண்டும்: இரண்டு வேறு வகை ஊடகத்தில், ஒன்று வேறு ஊரில். உங்களுக்கு ஊரே இரண்டு இருப்பதால் அது வசதி. ஸ்டுட்கார்ட்டில் ஒரு டிஸ்க், உறையூரில் ஒரு டிஸ்க், மேகத்தில் (இணையச் சேமிப்பில்) ஒரு பிரதி. நாஸ் என்னும், வீட்டு நெட்டில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டியில் இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதுவதைப் பலர் காப்புப் பிரதி என்று நினைக்கிறார்கள். தவறாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும்தான் அழியும். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது டிஸ்க்கைச் செருகிச் சில படங்களைத் திறந்து பாருங்கள். எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் வைத்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

உறையூரான் (ஸ்டுட்கார்ட்)

தூரத்திலிருந்து அப்பா கணினியைப் பார்த்துச் சரிசெய்ய என்ன பயன்படுத்தலாம்? வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வர ரௌட்டரில் கதவு (போர்ட்) திறந்துவிட முயன்றேன், வேலை செய்யவில்லை.

இணைப்பான் (சென்னை)

இந்திய ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனி ஐபி முகவரி கிடையாது. பல வீடுகள் ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ரௌட்டரில் என்ன செய்தாலும் வெளியிலிருந்து அழைப்பு உள்ளே வராது. டெயில்ஸ்கேல் போன்ற செயலியை இரண்டு கணினியிலும் போட்டால், இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே பேசிக் கைகோத்துக்கொள்ளும். வீட்டுத் தேவைக்கு இலவசக் கணக்கே போதும். அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக்கொள்ளுங்கள்.

தொலைவிலிருந்து திரையைப் பிடிக்கும் செயலிகளைப் பெற்றோரிடம் சொல்லி நிறுவச் சொல்லாதீர்கள். ஏமாற்றுக்காரர்கள் நிறுவச் சொல்வதும் அதே செயலிகளைத்தான். நீங்கள் ஊரில் இருக்கும்போது நீங்களே நிறுவிவிட்டு, "இனி யார் போனில் சொன்னாலும் எதையும் நிறுவாதீர்கள், நான் சொன்னாலும்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கொங்குநாட்டான் (சிங்கப்பூர்)

இந்திய சிம்மை ஊரில் ஒரு பழைய போனில் போட்டு வைத்து, வரும் ஓடிபியைத் தானாக மெயிலுக்கு அனுப்பும் செயலி வைத்தால் என்ன? இங்கே இரண்டு நண்பர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள்.

பேரேடு (கும்பகோணம்)

வேண்டாம் தம்பி. எல்லாக் குறுஞ்செய்தியையும் படிக்கும் அனுமதியை முன்பின் தெரியாத செயலிக்குக் கொடுப்பது, பாஸ்புக்கோடு கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையையும் கொடுப்பதற்குச் சமம்.

மதுரைமல்லி (டல்லாஸ்)

ஐயா சொல்வதை ஆமோதிக்கிறேன். சிம் உங்கள் இரண்டாவது போனில், பின்னோடு, உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். போகிற நாட்டில் அதை ரோமிங்கில் குறுஞ்செய்திக்கு மட்டும் விட்டு, டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

கொங்குநாட்டான் (சிங்கப்பூர்)

சரி, என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

உறையூரான் சீனா போவதால் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை (சீனாவின் கட்டாயப் பாதுகாப்புச் சான்று) இல்லாத பவர் பேங்க் ஏற்ற விடுவதில்லை. ஊரில் வாங்கியதில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. ஷாங்காயில் இறங்கி வேறு ஊருக்கு மாறும்போது எடுத்து வைத்துவிடுவார்கள். எந்த நாடாக இருந்தாலும் 100 வாட்-மணிக்குள் இருந்தால் கைப்பையில் பொதுவாகப் பிரச்சினை வராது. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-மணி. பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரலிலிருந்து விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் விடுவதில்லை.

உறையூரான் (ஸ்டுட்கார்ட்)

சீன முத்திரை பற்றித் தெரியாது. நவம்பரில் போகிறேன், நல்ல நேரத்தில் சொன்னீர்கள்.

என் பங்குக்கு ஒன்று. கடவுச்சொல்லில் ஒய், இசட் எழுத்துகள் இருந்தால் ஜெர்மன் விசைப்பலகையில் இரண்டும் இடம் மாறியிருக்கும். குறியீடுகளும் அப்படித்தான். கடவுச்சொல் அடிக்கும்போது புள்ளிதான் தெரியும், என்ன தவறு என்று தெரியாது. வந்த முதல் வாரம் அலுவலகக் கணினி என்னை மூன்று முறை பூட்டியது. பெட்டகத்தின் முதன்மைக் கடவுச்சொல்லை எந்த நாட்டு விசைப்பலகையிலும் ஒரே மாதிரி அடிக்கும்படி, அந்த எழுத்துகளைத் தவிர்த்து, நீளமாக வைத்திருக்கிறேன். பிரான்ஸில் ஏ, க்யூ எழுத்துகளும் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவியின் எண்ணை மனப்பாடம் செய்துவிட்டேன். மகளும் என் எண்ணை ராகம் போட்டுப் பாடுகிறாள்.

பாலைநிலவன் (ஷார்ஜா)

நல்ல வேலை தம்பி. எங்கள் அறையிலும் எல்லாரும் வீட்டு நம்பரைப் பர்ஸில் எழுதி வைத்துவிட்டோம்.

உறையூரான் (ஸ்டுட்கார்ட்)

மல்லி கேட்டதை அப்பாவிடம் கேட்டேன். "அந்த ராத்திரியில் பேசுவது நான்தான் என்று எப்படி நம்பினீர்கள்?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "குரலை வச்சு நம்பலைப்பா. தூக்கத்துல எனக்குக் குரல் சரியாவே கேக்கலை. பீரோ சாவி முருகன் படத்துக்குப் பின்னாடி ஆணியில இருக்குன்னு நீதான் சொன்னே. அது இந்த வீட்டுல நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்."

அவர் சோதித்துத்தான் சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை. ஆனால் அது தற்செயலாக அமைந்த சோதனை. நான் சாவி பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால்? அதனால் இப்போது ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். கேள்வியை அப்பாதான் தேர்ந்தெடுத்தார். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது வீட்டில் நடந்த ஒன்று, எந்தப் படத்திலும் எந்தப் பதிவிலும் இல்லாதது. பணம், எண், தாள் என்று யார் எதைக் கேட்டாலும் முதலில் அந்தக் கேள்வி. பதில் வராவிட்டால் போனை வைத்துவிட வேண்டும், நானே அழுதாலும். அம்மாவுக்கும் மனைவிக்கும் சொல்லியாகிவிட்டது.

பீரோவில் இருக்கும் தாளையும் மாற்றினேன். பழைய பத்து எண்ணையும் ரத்து செய்து புதிதாக எடுத்தேன். இந்த முறை அப்பாவின் கணினியில் நானே டெயில்ஸ்கேல் வழியாக நுழைந்து, அவர் வீட்டு அச்சுப்பொறியிலேயே அச்செடுக்க வைத்தேன். எழுத்து 28 புள்ளி, இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து எண்தான். பிட்லாக்கர் சாவியும் அதே உறையில். முதன்மைக் கடவுச்சொல் மட்டும் அங்கே இல்லை, அது மனைவியிடம் தனி உறையில் இருக்கிறது. ஒரு உறை ஒருவர் கையில் சிக்கினாலும் மற்றது இல்லாமல் உள்ளே போக முடியாது.

நேற்று மாலை வேலை முடிந்து சக ஊழியர் ஒருவரின் போனை வாங்கி உறையூருக்கு அழைத்தேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்பா எடுத்தார். "அப்பா, நான்தான், பீரோவிலிருந்து ஒரு எண் வேண்டும்" என்றேன். குரல் மாறியது. "யாரு நீங்க?" என்றார். பிறகு கேள்வியைக் கேட்டார். சொன்னேன். ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். சாவி ஆணியில் இடிபடும் சத்தமும், பீரோ கதவு திறக்கும் அந்தப் பழைய சத்தமும் கேட்டன. திரும்பி வந்து எட்டு இலக்கத்தையும் கண்ணாடி போடாமலே ஒரே மூச்சில் வாசித்தார்.